ஆட்டம் நின்ற ஸ்டீரிங்

வேடியப்பன் அண்ணனின் ஜீப்பில் புதிதாக ஏறுகிற எவரும் முதல் வளைவிலேயே பதறிப் போவார்கள். மனிதர் ஸ்டீரிங்கை இந்தச் சுற்று சுற்றுகிறார், வண்டி பாட்டுக்கு நேராகப் போகிறதே என்று. திரும்பும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதல் கால் சுற்று வெறும் காற்றில் போகும். அதற்கு மேல் சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேரும். அந்தக் கால் சுற்றுக்குத்தான் டிரைவர்கள் ஆட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி வாங்கியபோது அது விரல் அளவுதான் இருந்ததாம். எங்கள் எல்லோருக்கும் வயதானதுபோல அதுவும் யாரும் கவனிக்காமல் வளர்ந்துவிட்டது.

நான் எதிர்வீட்டு ரஞ்சிதம். அண்ணன் என்பது முறைக்குத்தான், கூடப் பிறந்தவரில்லை. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுகளும் அண்ணன் வீட்டு வாசலும் ஒரே நேரத்தில் என் கண்ணில் படும். அந்த வாசலில் நடந்த எதற்கும் என்னிடம் சாட்சி கேட்கலாம்.

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு இறங்கும் சாலையிலிருந்து ஒதுங்கி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். பஸ் உண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகும். அண்ணன் சின்ன வயதில் வாணியம்பாடியில் தோல் ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தவர். டிரைவராகி, கல்யாணம் கட்டி, ஏதோ ஓர் ஆபீஸ் ஏலம் விட்ட ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தார். அன்று முதல் சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம், கல்யாணக் கூட்டம், ஓட்டுப் பெட்டிக்குப் போகிற கிழங்கட்டைகள் எல்லாம் அதில்தான். இந்த ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் அந்த ஜீப்பில் மலையிறங்கிப் போய்ப் பிறந்தவர்கள். அதற்காக அண்ணனைப் பெரிய தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். சேற்றுக் காலோடு ஏறினால் வண்டை வண்டையாகத் திட்டுவார். பிரசவ வலியில் இருப்பவளிடமே சீட்டைக் கிழிக்காதே என்று சொன்னவர்.

அவர் மனைவி பெயர் சின்னக்குழந்தை. பேத்தி எடுத்த பிறகும் அதே பெயர்தான். அண்ணன் கூப்பிடுவது கொயந்தே என்று. நான் குழந்தை அண்ணி என்பேன்.

குழந்தை அண்ணிக்கு ஜீப்பின் முன் சீட் பட்டா போட்டுக் கொடுத்தது போல. சந்தைக்கோ கோயிலுக்கோ எங்கே கிளம்பினாலும் அவர்தான் அங்கே உட்காருவார். உட்கார்ந்தவர் சும்மா வரமாட்டார். ஸ்டீரிங் ஆட்டம் அதிகமானபோது, வளைவு வந்தபிறகு சுற்றினால் வண்டி திரும்பாது என்றாகிவிட்டது. வளைவுக்கு முன்னாலேயே சுற்ற ஆரம்பித்துவிட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. முதல் வளைவுக்கு ஒரு புளியமரம், அடுத்ததற்கு வெள்ளையடித்த கல், அதற்கடுத்ததற்கு மதகு. அடையாளம் வந்ததும் அண்ணி "குடு" என்பார். அண்ணன் ஸ்டீரிங்கைக் கொடுப்பார், அதாவது சுற்ற ஆரம்பிப்பார். ஆரம்பத்தில் அண்ணி அவரைக் கேலி செய்யத்தான் சொன்னார். போகப் போக அது வழக்கமாகிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்களும் குடு என்ற சத்தம் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்வோம். ஒரு பள்ளிக்கூடமே பாடம் ஒப்பிப்பது போல இருக்கும்.

இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் இல்லை. அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருப்பத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் இருட்டோடு கிளம்பி, சாயங்காலம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி திரும்பி வருவார். அண்ணனும் அப்படித்தான் வருவார். பெரிய ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊசியையும் மருந்தையும் சொல்வார்கள். போய்வருகிற பாதையை யாரும் சொல்வதில்லை. மலைக்காரர்களுக்கு நோயில் பாதி அந்தப் பாதைதான். முன் சீட்டில் அண்ணி தலையைக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். புளியமரம் வரும், போகும். அண்ணன் தானாகவே சுற்றிக்கொள்வார். ஆட்டத்தைக் கைக்குள் பிடித்து வைத்திருந்தே அவருடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது. சட்டை தைக்கும்போது வலது பக்கத்தை ஒரு விரல்கடை குறைத்துத்தான் வெட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை துணைக்குப் போவது என் வேலை. வெள்ளிக்கிழமை அண்ணியின் தங்கை வருவாள். நேர்ந்துகொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும், ஆனால் உண்மை அதுவல்ல. பல செவ்வாய்க்கிழமை விடியும்போது, இன்றைக்கு ஏதாவது காரணத்தால் போகாமல் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. களைப்பு என்பது அப்படித்தான் மனிதரைப் பேச வைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை திருப்பத்தூரிலிருந்து திரும்பி மலை ஏறும்போது ஸ்டீரிங் மேலும் கீழுமாகத் தட்டத் தொடங்கிவிட்டதாம். ஊருக்குள் நுழையும் முன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும், ஸ்டீரிங் ஒட்டுமொத்தமாக அண்ணனின் மடிப் பக்கம் சரிந்தது. ஸ்டீரிங் வளையத்தைத் தாங்கும் தடிக்குழாயின் உள்ளே, மேல்முனையில் ஒரு பேரிங் இருக்கும். அது நொறுங்கிவிட்டது. இடது கையால் ஸ்டீரிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருப்பிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வீடு சேர்ந்தார்.

இறங்கியதும் அண்ணி வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே போகத் தெம்பில்லை. நான் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நின்றார், விரல்கள் மடங்கவில்லை. அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்யா. இனிமே நான் வரல," என்றார்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி விடவில்லை.

"வண்டியும் போச்சு, ஒன் கையும் போச்சு. நான் ஒருத்தி குந்திகினு வர்றதுக்கு இவ்ளோ பாடா? எனக்கு ஒன்னும் கோவம் இல்ல. நெசமா சொல்றேன், போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பயமே இருந்திருக்காது. சந்தையில் வெங்காயம் போதும் என்று சொல்கிற குரலில் சொன்னார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் வருவதை நிறுத்தினாள். அடுத்த வாரமே சேதி வந்தது.

பக்கத்து ஊர் வண்டியைப் பேசலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். திரும்பும்போது அண்ணி வழியெல்லாம் வாந்தி எடுப்பார். அந்நியர் வண்டியில் அதைச் செய்ய மாட்டேன் என்று முன்பே ஒருமுறை அடம்பிடித்தவர். திருப்பூரில் வேலை செய்யும் மகனும் போனில் பேசினான். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள் என்றான். ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவன் அவன். எந்த மூலையில் இவர்களை வைப்பான் என்று கேட்க எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. சனிக்கிழமை காலை ஓடையைத் தாண்டிப் போய் பஸ் பிடித்து ஆலங்காயம் இறங்கினார். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோக வழியில்லை. அந்த ஸ்டீரிங்கோடு மலையிறங்க முடியாது. மெக்கானிக்கை மேலே வரச் சொன்னால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். செவ்வாய்க்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும். ஸ்டீரிங் ஆட்டமில்லாமல் கல்லுப்போல நின்றுவிட்டால், வரமாட்டேன் என்று சொல்ல அண்ணிக்குக் காரணம் இருக்காது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு எனக்கும் புரிந்தது. அண்ணிக்கு வேறு காரணம் இருக்குமோ என்ற பயமும் இருந்தது.

ஆலங்காயத்தில் கலீலுல்லா பாயின் பழைய சாமான் கடை இருக்கிறது. செத்த ஜீப்புகளை வாங்கிப் பிரித்து அடுக்கி வைத்திருப்பார். அண்ணனுக்கு லாரிக் காலத்துப் பழக்கம். பாய் கிடங்குக்குள் போய், கை முழுக்கத் துரு ஒட்டிக்கொள்ள வெகுநேரம் துழாவி, மேலுக்கும் கீழுக்கும் பேரிங்குகள் எடுத்துக் கொடுத்தார். குழாய்க்குள் ஓடும் தண்டை கீழே இருக்கும் ஸ்டீரிங் பாக்ஸோடு சேர்க்கிற இணைப்புக்குக் கிராஸ் என்று பெயர். தேய்ந்த கிராஸ்தான் ஆட்டத்துக்கு மூல காரணம் என்று சொல்லி அதையும் புதிதாகத் தேடித் தந்தார். அண்ணியை விசாரித்தார். வீட்டில் தன் மனைவி கனீஸ் ஃபாத்திமா ஒவ்வொரு தொழுகையிலும் அண்ணிக்காக துவா செய்வதாகச் சொன்னார். பிறகு பையை மடித்துக் கொடுக்கும்போது சொன்னதை அண்ணன் பின்னால் எங்களிடம் அப்படியே சொன்னார்.

"வேடியப்பா, மாட்டனதும் ஒடனே ஆளு ஏத்தாத. ரெண்டு நாளு காலி வண்டிய மலை எறக்கி ஏத்து. ஸ்டீரிங்கு புச்சாய்டும், ஒன் கை பழசாவே இருக்கும்."

ரெண்டு நாளுக்கு அண்ணன் எங்கே போவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினார். நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஸ்டீரிங் நடுவில் இருந்த ஹாரன் மூடியைக் கழற்றி, அதற்கடியில் இருந்த நட்டை விடுவித்தார். அதன் பிறகு ஸ்டீரிங் வளையம் கழன்று வர வேண்டும். வரவில்லை. எத்தனை வருஷத்துப் பிடிப்பு. மண்ணெண்ணெய் ஊற்றினார், ஊற வைத்தார், கீழிருந்து முழங்காலால் முட்டிக்கொண்டே மேலே மரக்கட்டையை வைத்துத் தட்டினார். அந்தத் தட்டல் சத்தம் அரை நாள் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்கு முன்னால், வளையமும் தண்டும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்று குறித்துக்கொள்ள என்னிடம் வந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை வாங்கிக்கொண்டு போனார். என் நீலச் சாக்பீஸ் ஒன்று கிரீஸில் முங்கிச் செத்தது அன்றைக்குத்தான்.

வளையம் வந்தபிறகு, குழாயைப் பிடித்திருந்த பட்டையைப் பிரித்து, கீழே போல்ட்டைக் கழற்றி, தடிக்குழாயைத் தண்டோடு வெளியே இழுத்தார். வாசலில் ஒரு கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் கிடத்தினார். குழாய்க்குள்ளிருந்து என்னென்ன வந்தன என்கிறீர்கள். மடித்துச் சொருகிய சைக்கிள் டியூப் துண்டு, எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகடு, பாலித்தீன் பை, ஒரு பழைய வேட்டிக் கிழிசல். ஒவ்வொரு முறை ஆட்டம் அதிகமானபோதும் அவரே அடைத்து வைத்தவை. அவற்றுக்கு நடுவே பேரிங் இருந்த இடத்தில் துருப்பிடித்த மணிகள் சில உருண்டன. அண்ணன் அவற்றை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஏதோ யோசனை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

அண்ணி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் கூழ் கொண்டுபோனபோது, தட்டுற சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு என்றார். தலைவலியா என்று கேட்டேன். இல்லை, அவர் தோள் வலிக்குமே என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அவர் தோள் வலிக்கக்கூடாது என்று நீ போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று கேட்டே விட்டேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருக்க வேண்டாம். களைத்துப் போனவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் இப்படித்தான் முடிகிறது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்தார். குழாயின் உட்புறத்தைத் துணி சுற்றிய குச்சியால் தேய்த்தார். புதுப் பேரிங்கைத் தட்டி உட்கார வைக்க, அதே அளவில் ஓர் இரும்பு வளையம் வேண்டியிருந்தது. ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டு உலக்கைப் பூணைக் கழற்றிக் கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கிரீஸ் அடைத்து, கிராஸை மாட்டி, நீலக் கோட்டுக்கு நீலக் கோடு சேர்த்து வளையத்தை இறக்கி நட்டை முடுக்கினார். பிறகு விரலை வைத்து வளையத்தை அசைத்தார். முன் சக்கரம் உடனே அசைந்தது. மறுபடியும் அசைத்தார், மறுபடியும் அசைந்தது. கட்டிலுக்குப் போய் அண்ணியை எழுப்பி, வந்து பார் என்று கூப்பிட்டார். அண்ணி வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். நேர்த் தரையில் வண்டி பூப்போல் போனது. கை ரொம்ப லேசாக இருக்கிறது என்று சொன்னார். எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். கால்மிதி மெஷினிலிருந்து மோட்டாருக்கு மாறிய புதிதில், பழைய மிதியை மிதித்து எத்தனை ஜாக்கெட்டுகளில் தையலை ஓடவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. நாளைக்கு அண்ணி கிளம்புவாரா என்பதிலேயே எங்கள் புத்தி நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை அண்ணி கிளம்பினார். அண்ணன் காலில் விழாத குறையாகக் கேட்டார். இந்த ஒரு தடவை வா, வண்டி எப்படி ஓடுகிறது என்று பார், பிறகு உன் இஷ்டம் என்றார். கால் வீக்கம் முழங்கால்வரை ஏறியிருந்தது. இந்த ஒரு தடவைதான் என்று அண்ணி என்னிடம் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்து ஏறினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். ஊர்ச் சாலை முடிந்து மலையிறக்கம் தொடங்கியது. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது.

புளியமரம் தெரிந்தது. அது வலது பக்கம் மடங்கி இறங்குகிற கொண்டை ஊசி வளைவு. உள்பக்கத்தில் சரிவு, அதற்குக் கீழே நாங்கள் போய்ச் சேர வேண்டிய அதே சாலை கிடக்கும். மரத்தடிக்கு வந்ததும் அண்ணனின் கை வருஷக்கணக்கான வழக்கப்படி ஸ்டீரிங்கைக் கொடுத்தது. கால் சுற்று, அதற்கு மேல் இன்னும் ஒரு சுற்று. அந்த முதல் கால் சுற்று இப்போது காற்றில் போகவில்லை. வளைவு வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே வண்டி வெடுக்கென்று சாலைக்குக் குறுக்கே திரும்பிச் சரிவைப் பார்த்துப் பாய்ந்தது. நானும் பழைய வழக்கப்படி அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். பிரேக் சத்தம் கேட்டது. முன்சக்கரம் ஓரத்துத் தடுப்புக் கல்லில் மோதி ஏறி, கல் ஒரு பக்கம் சாய, வண்டி நின்றது. பானெட்டுக்கு முன்னால் மண் இல்லை. கீழே சாலைதான் தெரிந்தது, ஒரு நாய் அதில் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

அண்ணன் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து வண்டியை ஓரங்கட்டினார். சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்து அடைகொடுத்தார். அதுவரை செய்தவர், வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்துக்கோ தண்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அழுதார். இந்த ஊரில் யார் பிணத்தை ஏற்றிக்கொண்டு வந்தபோதும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"என்னால ஆவல கொயந்தே," என்றார். "கை என் பேச்ச கேக்கல. நீ சொன்னதுதான் சரி. வா, வூட்டுக்குப் போய்டலாம்."

அண்ணி எதைக் கேட்டாரோ அதை அண்ணனே தன் வாயால் சொல்லிவிட்டார். இனித் தடுக்க ஆளில்லை. மேலே ஏறிப் போனால் வீடு, கட்டில், தொந்தரவில்லாத நாலைந்து நாட்கள். அண்ணி சரி என்று தலையசைத்தால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்தேன். உண்மையில் நானும் களைத்துத்தான் போயிருந்தேன்.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த தடுப்புக் கல்லைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். தையலுக்கு அளவெடுப்பது போல மரத்துக்கும் வளைவுக்கும் நடுவே அவர் கண் போய் வந்தது. பிறகு கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஏறுய்யா."

அண்ணன் அசையவில்லை.

"மரத்துல குடுக்காத. நான் சொல்றப்ப குடு. அதுக்கு முன்னால கைய அசைக்காத."

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஏறினார். அண்ணி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீங்கிய காலை முன்பக்கத் தகட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி மரத்தடியைத் தாண்டி நடைவேகத்தில் நகர்ந்தது. இரு என்றார். தடுப்புக் கற்கள் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. இரு, இரு என்றார். வளைவின் வாயில் பானெட் நுழைந்தபோது "குடு" என்றார். அண்ணன் கொடுத்தார். பாதி கொடுத்ததும் போதும் என்றார். வண்டி வளைவோடு வளைந்து அழகாகக் கீழே இறங்கியது.

அடுத்த வளைவில் வெள்ளைக் கல்லைத் தாண்டவிட்டுச் சொன்னார். அதற்கடுத்ததில் மதகையும் தாண்டவிட்டுச் சொன்னார். இடையில் ஒருமுறை மூச்சு வாங்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் தண்ணீர் குடித்து நாக்கை நனைத்துக்கொண்டு, போலாம் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். பழைய கேலி அதில் இல்லை, தெம்பும் இல்லை. ஆனாலும் ஒரு வளைவைக்கூட அவர் தவறவிடவில்லை.

மலையிறங்கி ஆலங்காயம் சேர்ந்ததும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். திருப்பத்தூர்வரை திறக்கவில்லை. தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் கடைசியில்தான் கட்டில் கிடைத்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்தபடி தூங்கினேன். அண்ணன் வண்டியிலேயே இருந்தார். எட்டிப் பார்த்தபோது, நின்ற வண்டியின் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது அண்ணியைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தோம். வழக்கம்போல வாந்தி எடுத்தார், வழக்கம்போல முகத்தைத் துடைத்துவிட்டேன். கழுத்து நிற்கவில்லை. தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டார். ஏறும்போது நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று அண்ணன் சொன்னார். கை கொஞ்சம் பழகிவிட்டது என்றும் சொன்னார்.

அண்ணி கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தடவித் தேடி, ஸ்டீரிங் மேலிருந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தார்.

"எங்க பழகிச்சு. வெள்ளிக்கெயம வரைக்கும் பழகாது. அன்னிக்கும் நானே வந்து சொல்றேன்," என்றார்.

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், முதல் வளைவுக்கு முன்னால், கதவில் சாய்ந்தபடியே அண்ணி கண்ணைத் திறந்து "இரு" என்றார்.